அண்ணனுக்கு ஹீமோஃபிலியா. எனக்கு ஜீன் டெஸ்ட் 'நார்மல்' என்கிறது. நம்பலாமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வெகுநாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

என் அண்ணனுக்கு ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா ஏ, சிவியர். ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தின் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே. அம்மாவின் தம்பி ஒருவர் சின்ன வயதிலேயே, பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனதாகப் பாட்டி சொல்வார். அந்தக் காலத்தில் அது என்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லவில்லை.

எனக்கு 26 வயது. ஒரு சம்பந்தம் பேசி முடியும் நிலையில் இருக்கிறது. அண்ணனைப் பற்றி அவர்கள் வீட்டில் தெரியும். நான் கேரியரா, அதாவது அந்த ஜீன் கோளாறைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவளா என்று அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான் தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினேன். எங்கள் ஊர் மருத்துவர் ஃபேக்டர் 8 பார்க்கச் சொன்னார். 58 சதவீதம் வந்தது. "ஐம்பதுக்கு மேல் இருக்கிறது, நீ கேரியர் இல்லை" என்றார். மனசு கேட்காமல் ஒரு தனியார் லேபில் ஜீன் பேனல் என்ற மரபணுச் சோதனைக்கும் ரத்தம் கொடுத்தேன். 'நோய் உண்டாக்கும் மாற்றம் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிட்டது.

வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்குத்தான் உறுத்தல். வயதுக்கு வந்ததிலிருந்து மாதம் எட்டு, ஒன்பது நாள் போகும். இரவில் எழுந்து மாற்றாமல் தூங்கியதே கிடையாது. போன வருடத்திலிருந்து அதற்கு ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன். கேரியரே இல்லை என்றால் எனக்கு ஏன் இப்படி? இதை இத்தோடு விட்டுவிடலாமா?

வைகை அம்மா எழுதியது:

விடாதே கண்ணு. உன் அம்மாவுக்கு மகனும் பாதிக்கப்பட்டிருக்கிறான், தம்பியும் அப்படிப் போயிருக்கிறார். அப்படியென்றால் அம்மா கேரியர் என்பதற்கு டெஸ்டே தேவையில்லை. அவருடைய இரண்டு எக்ஸ் குரோமோசோமில் எது உனக்கு வந்தது என்பதுதான் கேள்வி. பாதிக்குப் பாதி. இதில் ஒரு ஃபேக்டர் அளவை வைத்து முடிவு சொல்லவே கூடாது. எனக்கும் 60-க்கு மேல்தான் இருந்தது. என் மகனுக்கு சிவியர்.

மீதியை லேபில் வேலை செய்கிற தம்பி வந்து சொல்வார், அவருக்கு இது அத்துப்படி.

இழைமணி எழுதியது:

வந்துவிட்டேன் அக்கா.

காவிரிக்கரை, பதில் சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரியவேண்டும். அண்ணனுக்கு எப்போதாவது ஜீன் டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களா? ஃபேக்டர் 8 எடுத்த அன்று அந்த ஹார்மோன் மாத்திரையில் இருந்தீர்களா, வேறு உடம்பு சரியில்லாமல் இருந்ததா? பேனல் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'வரம்புகள்' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் 'இன்வெர்ஷன்' என்ற சொல் வருகிறதா?

காவிரிக்கரை எழுதியது:

அண்ணனுக்கு எடுத்ததே இல்லை. அவனுக்கு நோய் என்ன என்று தெரியுமே, எதற்கு என்று விட்டுவிட்டோம். அன்றைக்கு மாத்திரையில்தான் இருந்தேன். சளிக்காய்ச்சலும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது: இந்த முறையில் பெரிய இன்வெர்ஷன்களும் சில நீக்கங்களும் கண்டறியப்படாது என்று.

இழைமணி எழுதியது:

அப்படியானால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு ரிப்போர்ட்டும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வீட்டில் இதை விளக்க வேண்டியிருக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 58 சதவீதம். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடும், எது அடங்கும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். அதனால் கேரியர்களின் சராசரி ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், இருபது உள்ளவரும் உண்டு, நூறு உள்ளவரும் உண்டு. அதோடு ஃபேக்டர் 8 ஒரே இடத்தில் நிற்கிற பொருளும் இல்லை. காய்ச்சல், பதற்றம், ஓட்டம், கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை எல்லாம் அதை ஏற்றிக் காட்டும். ஓ குரூப் ரத்தம் உள்ளவர்களுக்கு இயல்பிலேயே குறைவாக இருக்கும். நீங்கள் காய்ச்சலும் மாத்திரையுமாகப் போய்க் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான அளவு 58-க்குக் கீழே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஜீன் பேனல். ஃபேக்டர் 8-க்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமின் நுனிப் பக்கம் இருக்கிறது, மொத்தம் 26 எக்ஸான், அதாவது புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள். 22-வது இன்ட்ரானுக்குள், அதாவது 22, 23-வது எக்ஸான்களுக்கு இடையே உள்ள பகுதிக்குள், ஒரு துண்டு இருக்கிறது. கிட்டத்தட்ட அதே துண்டின் இரண்டு நகல்கள் ஜீனுக்கு வெளியே, இன்னும் நுனியை ஒட்டி இருக்கின்றன. விந்தணு உருவாகும்போது எக்ஸுக்கு ஜோடி கிடையாது. அது தன்மேலேயே மடங்கி, உள்துண்டு வெளித்துண்டோடு ஒட்டிக்கொண்டால், 1 முதல் 22 வரை உள்ள எக்ஸான்கள் மொத்தமாகப் பிய்ந்து தலைகீழாகத் திரும்பிவிடும், அதைத்தான் இன்வெர்ஷன் என்கிறோம். சிவியர் ஹீமோஃபிலியா ஏ-யில் ஏறக்குறைய 45 சதவீதத்துக்கு இதுதான் காரணம். 1993-ல் கண்டுபிடித்தார்கள். ஜீனையே 1984-ல் படித்துவிட்டார்கள், ஆனாலும் சிவியர் நோயாளிகளில் பாதிப் பேரிடம் கோளாறு எங்கே என்று பிடிபடாமல் இருந்ததற்கு இந்த இன்வெர்ஷன்தான் காரணம்.

இருபத்தாறு பக்கப் புத்தகத்தில் முதல் 22 பக்கத்தைப் பிரித்துத் தலைகீழாகத் தைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். பிழை திருத்துகிறவர் ஒவ்வொரு பக்கமாகக் கையில் எடுத்துப் படித்தால் ஒரு எழுத்துப்பிழைகூடத் தெரியாது. உங்களுக்கு எடுத்த பேனல் அப்படித்தான், சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கிற முறை. இன்வெர்ஷனைப் பார்க்க அதற்கென்று தனி பிசிஆர் (டிஎன்ஏ-வின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) இருக்கிறது, பெயர் சொல்லிக் கேட்டு எடுக்கவேண்டும். இன்ட்ரான் 1-லும் இதுபோல ஒரு இன்வெர்ஷன் உண்டு. அது அபூர்வம், ஆனாலும் கூடவே பார்த்துவிடுவார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆணுக்கு ஒரு எக்ஸ்தான். அதில் ஒரு எக்ஸானே காணாமல் போயிருந்தால் உடனே தெரிந்துவிடும். பெண்ணுக்கு இன்னொரு எக்ஸில் அந்த எக்ஸான் நன்றாக இருப்பதால் குறை மறைந்துகொள்ளும். அளவை எண்ணிப் பார்க்கிற எம்எல்பிஏ என்ற சோதனையில்தான் அது தெரியும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் அண்ணன், பிறகு நீங்கள். அண்ணனிடம் கோளாறு இன்னது என்று தெரிந்துவிட்டால், உங்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். இருக்கிறதா இல்லையா என்று அடித்துச் சொல்லலாம். அவரைப் பார்க்காமல் உங்களிடம் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்றால், உண்மையிலேயே இல்லையா, தேடத் தெரியவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலூர் சிஎம்சியின் ரத்தவியல் துறையிலும், மும்பையில் ஐசிஎம்ஆரின் இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனத்திலும் இந்தச் சோதனைகள் பல வருடமாக நடக்கின்றன. இரண்டில் உங்களுக்கு வேலூர்தான் பக்கம்.

தாமிரபரணி எழுதியது:

எல்லாரும் மன்னிக்க வேண்டும், நான் மாற்றிச் சொல்கிறேன். எனக்கு வயது அறுபத்தைந்து. எங்கள் குடும்பத்திலும் இந்த நோய் உண்டு. என் தங்கை மகள் நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. கேரியர் என்று காகிதத்தில் வந்ததும் நிச்சயம் வரை போன சம்பந்தம் நின்றது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் இன்றைக்கு அவள் ஒரு வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பாள். எங்கள் பக்கம் இப்படி ஒரு பேச்சு எழுந்துவிட்டால் அவள் தங்கைகளுக்கும் வரன் வராது. எதுவானாலும் கல்யாணம் முடிந்து, புருஷனோடு சேர்ந்து போய் எடுக்கட்டும். பிள்ளை வயதில் இருக்கிறாய் அம்மா, அதனால்தான் சொல்கிறேன்.

ஃபேக்டர் முருகன் எழுதியது:

ஐயா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. நானே ஹீமோஃபிலியா உள்ளவன், 43 வயது, இரண்டு முழங்காலும் மடங்காது. எனக்குப் பெண் கொடுக்க எத்தனை வீடு தயங்கியது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மறைத்துச் செய்த கல்யாணங்களையும் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு நீலம் நீலமாகக் கன்றிப்போகும்போது, 'தெரிந்தே எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள்' என்ற பேச்சு முதலில் அந்தப் பெண்ணின் மேல்தான் விழும். அவள் பக்கம் பேச அந்த வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இங்கே மாப்பிள்ளை வீட்டுக்கு அண்ணன் விஷயம் தெரியும் என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். பாதிக் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

அப்புறம், எல்லாரும் பிறக்காத பிள்ளையைப் பற்றியே பேசுகிறோம். அவர் முதல் பதிவில் எழுதியது அவருடைய ரத்தத்தைப் பற்றி. அதை யாரும் கண்டுகொள்ளவில்லையே?

தங்கச்சி, அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள். அவர் டெஸ்ட் எடுப்பது அவருக்கும் உபயோகம். ஃபேக்டர் போடப் போட உடம்பு அதை எதிர்த்து இன்ஹிபிட்டர் உண்டாக்குமா என்பது ஓரளவு ஜீனில் உள்ள கோளாறைப் பொறுத்தது. ஜீனில் பெரிய பகுதியே போயிருந்தால் அபாயம் அதிகம். ஒரு எழுத்து மாறியிருந்தால் பொதுவாகக் குறைவு.

வைகை அம்மா எழுதியது:

முருகன் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்கு எழுதவேண்டும் போல் இருக்கிறது. தாமிரபரணி அண்ணாச்சி, உங்களை எதிர்த்துப் பேசவேண்டும் என்று எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் சித்தப்பாக்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மா வழியில் ஒரு பெரிய மாமா மட்டும் சின்னதிலேயே முடமாகிப் படுத்தவர். 'வாதம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மாசமாக இருந்தபோது அந்த மாமாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வலி நீண்டுகொண்டே போனது. தலையில் கப்பு வைத்து இழுத்து எடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் பிள்ளையின் தலை ஒரு பக்கம் கொழகொழவென்று வீங்கிக் கிடக்கிறது. தடுப்பூசி போட்ட தொடை கல் மாதிரி இறுகிவிட்டது. அப்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வீட்டுக்கு வந்தபிறகு, ஒரு வாரம் கழித்து, துணி துணியாகப் போக ஆரம்பித்தது. ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன். மகனுக்கு நோய் என்று தெரிந்தது அவன் தவழ ஆரம்பித்து முட்டியெல்லாம் கன்றியபோது.

கேரியர் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்தக் கப்பை வைத்திருக்கமாட்டார்கள். அவன் ஹீமோஃபிலியாவோடுதான் பிறந்திருப்பான், அது வேறு. தலையில் அந்த ரத்தக்கட்டு இல்லாமல் பிறந்திருப்பான்.

பெரம்பலூர் டாக்டரம்மா எழுதியது:

நான் மகப்பேறு மருத்துவர். வைகை அம்மா எழுதியதில் உள்ள ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

கேரியர் என்று தெரிந்த பெண்ணுக்கு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஃபேக்டர் அளவை மறுபடி பார்ப்போம். ஃபேக்டர் 8 கர்ப்பத்தில் தானாக ஏறும். ஹீமோஃபிலியா பி என்ற வகையில் குறைவது ஃபேக்டர் 9, அது அப்படி ஏறுவதில்லை, அந்தக் குடும்பங்களில் இன்னும் கவனம் வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரக்கவைக்கலாமா என்பதும் இந்த அளவை வைத்துத்தான் முடிவாகும். பிரசவத்தில் வேக்குவம் வைப்பதையும் ஆயுதம் போடுவதையும் தவிர்ப்போம். குழந்தையின் தலைத்தோலில் குத்துகிற கருவிகளும் வேண்டாம். சிசேரியன்தான் வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஃபேக்டர் பார்க்கலாம். அந்த முடிவு தெரியும்வரை ஆண் குழந்தைக்குத் தசையில் ஊசி வேண்டாம், வைட்டமின் கே-யை வாய்வழி கொடுக்க வழி இருக்கிறது. சுன்னத் செய்யும் குடும்பங்கள் அந்த ரிப்போர்ட் கையில் வராமல் செய்யவே கூடாது. தாய்க்கு ஏறியிருந்த ஃபேக்டர் பிரசவத்துக்குப் பின் சில நாளில் இறங்கத் தொடங்கும். ஒரு வாரம் கழித்து ரத்தப்போக்கு வந்தது அதனால்தான். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, எதற்கு ஓடிவரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

கருவிலேயே சோதிப்பது பற்றியும் பலருக்குப் பயம் இருக்கிறது, ஸ்கேனில் பாலினம் பார்ப்பது குற்றமாயிற்றே என்று. 1994-ம் வருடச் சட்டம் குழந்தையின் பாலினத்தைத் தெரிந்துகொள்வதற்காகச் சோதிப்பதைத் தடுக்கிறது. அதே சட்டம், பாலினத்தோடு சேர்ந்து வரும் மரபுநோய்களைக் கண்டறியப் பதிவுபெற்ற மையங்களில் சோதிக்க இடம் தருகிறது. 11 வாரத்துக்கு மேல் நஞ்சுத்திசுவில் சிறிது எடுத்துப் பார்க்கலாம், அல்லது 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர். ஆனால் குடும்பத்தில் உள்ள கோளாறு எது என்று அதற்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். கர்ப்பமாகி வந்தபிறகு 'அண்ணனைக் கூட்டிவாருங்கள்' என்று ஆரம்பித்தால் நாட்கள் ஓடிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் வருவது நான்காம் மாதத்தில்.

ஃபேக்டர் முருகன் எழுதியது:

டாக்டரம்மா, கடைசிப் பத்தியைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கருவில் பார்ப்பது எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். என்னைப் போன்ற ஒருவன் வேண்டாம் என்று முடிவெடுக்கத்தானே? நான் வேலைக்குப் போகிறேன், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது எமிசிசுமாப் என்று தோலுக்கடியில் போடுகிற ஊசி வந்து, மூட்டில் ரத்தமே கசியாமல் வளர்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வேலூரில் ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை செய்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். இதையெல்லாம் அந்தப் பெற்றோரிடம் சொல்லிவிட்டா கேட்கிறார்கள்?

பெரம்பலூர் டாக்டரம்மா எழுதியது:

நியாயமான கேள்வி முருகன். சொல்லிவிட்டுத்தான் கேட்கவேண்டும், எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் வருகிறவர்களில் பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தபின்பும் பெற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில் பிரசவம், ஃபேக்டர் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் முன்னேற்பாடு செய்துகொள்கிறார்கள். இரண்டு மூட்டும் போன ஒரு பிள்ளையை வளர்த்துக் களைத்துப்போய், இன்னொன்றுக்குத் தெம்பில்லை என்று சொல்லும் தாயும் வருகிறாள். இருவரையும் நான் ஒரே மாதிரிதான் உட்கார வைத்துப் பேசுகிறேன்.

கொடுமுடி எழுதியது:

இதே இழையில் கேட்கலாமா? என் தம்பிக்கு சிவியர். வீட்டில் அவனுக்கு எங்கள் பெரிய அக்கா மகளைக் கட்டுவதாகப் பேச்சு. வெளியில் பெண் கிடைக்காது, சொந்தம் என்றால் புரிந்து நடந்துகொள்வாள் என்கிறார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் இந்த நோயே வந்தது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. எது சரி?

இழைமணி எழுதியது:

'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்பது ஹீமோஃபிலியாவுக்குப் பொருந்தாது. தாயிடமிருந்து வரும் ஒரே எக்ஸில் கோளாறு இருந்தால் மகனுக்கு நோய், அப்பா யாராக இருந்தாலும் சரி. மூன்றில் ஒரு நோயாளிக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது. (வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு ரத்தப்போக்கு நோயின் கடுமையான வகை வேறு. அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரவேண்டும், அதில் நெருங்கிய சொந்தம் அபாயத்தைக் கூட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.)

ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் நிஜமாகவே கவனம் வேண்டும். ஹீமோஃபிலியா உள்ளவர் கேரியர் அல்லாத பெண்ணைக் கட்டினால், மகன்கள் யாருக்கும் நோய் வராது, மகள்கள் எல்லாரும் கேரியர். அக்கா மகள் கேரியராக இருந்தால் கணக்கே மாறிவிடும். மகனுக்கு நோய் வர பாதி வாய்ப்பு. மகளுக்கு அப்பாவிடமிருந்து ஒரு பழுதான எக்ஸ் கட்டாயம் வரும், அம்மாவிடமிருந்தும் பழுதானது வந்தால் அந்தப் பெண்ணுக்கே சிவியர் ஹீமோஃபிலியா. அதுவும் பாதி வாய்ப்பு. உலகத்தில் பெண்களுக்கு இது அபூர்வம் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது, தாய்மாமன் முறையும் மாமன் மகள் முறையும் உள்ள நம் வீடுகளை வைத்து எழுதியது கிடையாது.

தம்பிக்கு எடுங்கள், பிறகு பெரிய அக்காவுக்கு. அக்காவுக்கு இல்லை என்று வந்துவிட்டால் மகளுக்குப் பார்க்கவே வேண்டாம். இருந்தால், அந்தப் பெண்ணுக்கு எடுக்காமல் நாள் குறிக்காதீர்கள். முடிவு என்ன வந்தாலும், அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லுங்கள்.

மணல்மேடு எழுதியது:

எங்கள் வீட்டில் டெஸ்ட் எடுக்கத் தம்பி இல்லை. பள்ளிக்கூடத்தில் விழுந்து, தலையில் ரத்தம் கசிந்து போய்விட்டான். அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது, அம்மா வழியில் வேறு யாருக்கும் இல்லை. அப்போது எனக்கு வழியே இல்லையா?

இழைமணி எழுதியது:

வழி இருக்கிறது அண்ணி அல்லது அக்கா, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அம்மா இருக்கிறார் அல்லவா, அவரிடம் தொடங்கலாம். முதலில் இன்வெர்ஷன், அதில் இல்லையென்றால் ஜீன் முழுவதும், பிறகு எம்எல்பிஏ. தம்பியின் பழைய ரிப்போர்ட் ஏதாவது கிடைத்தால் தேடிப்பாருங்கள், ஏ-யா பி-யா, சிவியரா என்று தெரிந்தால்கூடப் பெரிய உதவி. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தாலும் தாய்மார்களில் பெரும்பாலோர் கேரியராகவே இருக்கிறார்கள். அம்மாவின் ரத்தத்தில் எதுவும் இல்லையென்றாலும், கருமுட்டைகளில் சிலவற்றில் மட்டும் கோளாறு ஒளிந்திருக்கும் சிறிய வாய்ப்பு உண்டு. அதனால் அப்போதும் உங்களையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வார்கள்.

ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்கு ரத்தம் நிற்காத நோய் என்று உலகத்துக்கே தெரியும், எந்த வகை என்று மட்டும் யாருக்கும் தெரியாது. 1918-ல் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றார்கள். எலும்புகள் கிடைத்து, 2009-ல் அவற்றிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால் ஃபேக்டர் 9 ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. ஹீமோஃபிலியா பி. அவன் அம்மாவும் சகோதரிகளில் ஒருத்தியும் கேரியர் என்று அதிலேயே தெரிந்தது. அவன் அம்மாவின் பாட்டியான விக்டோரியா ராணியின் வம்சத்துக்கு வந்த நோய் எது என்று அப்படித்தான் முடிவானது. உங்களுக்கு அம்மா உயிரோடு இருக்கிறார், இது அதைவிட எவ்வளவோ சுலபம்.

நெறியாளர்:

ரிப்போர்ட் படங்களைப் பொதுவில் போடவேண்டாம். ஒரு படத்தில் பெயரும் மருத்துவமனை எண்ணும் தெரிந்ததால் நீக்கியிருக்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

இடையில் எழுத முடியவில்லை. அண்ணனும் நானும் அம்மாவும் போய்வந்தோம். அண்ணனுக்கு இன்ட்ரான் 22 இன்வெர்ஷன். எனக்கும் அதே இன்வெர்ஷன், ஒரு எக்ஸில்.

மருத்துவர் சொல்லி மாத்திரையை நிறுத்தி, காய்ச்சல் எதுவும் இல்லாத நாளில் ஃபேக்டர் 8 மறுபடி பார்த்தார்கள். 37. நாற்பதுக்குக் கீழே இருந்தால் கேரியர் என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லையாம், லேசான ஹீமோஃபிலியா உள்ள பெண் என்றே எழுதவேண்டும் என்று 2021-ல் சர்வதேச அளவில் வகுத்திருக்கிறார்களாம். என் ஃபைலில் அப்படித்தான் எழுதினார்கள். பல் பிடுங்குவதற்கு முன்னாலும் ஆபரேஷனுக்கு முன்னாலும் காட்டவேண்டிய அட்டை ஒன்று என் பெயரில் கொடுத்தார்கள். இத்தனை வருடம் அண்ணனுக்குத்தான் அந்த அட்டை இருந்தது. மாதவிடாய் நாட்களுக்கு டிரானெக்ஸாமிக் மாத்திரை தந்திருக்கிறார்கள். இந்த மாதம் ஆறு நாளில் முடிந்தது, இரவில் எழுந்திருக்கவில்லை.

வரும்வழியில் அம்மா அழுதார், தன்னிடமிருந்து வந்ததென்று. இன்வெர்ஷன் பெரும்பாலும் ஆணின் விந்தணுவில்தான் புதிதாக உண்டாகும், எத்தனை தலைமுறைக்கு முன்னால் எந்தத் தாத்தாவிடம் தொடங்கியதோ யாருக்குத் தெரியும் என்று ஆலோசகர் சொன்னது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மாப்பிள்ளை வீட்டில் நானே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி இப்போதைக்கு இங்கே எழுதவில்லை, கேட்காதீர்கள்.

எனக்கு வேறு ஒரு கவலை. சித்தி மகளுக்கு 14 வயது. அவளுக்கும் என்னைப் போலவே போகிறது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள். அவளையும் ஜீன் டெஸ்டுக்குக் கூட்டிப்போகலாமா?

தாமிரபரணி எழுதியது:

நீ எடுத்தது நல்லதாகவே போகட்டும் அம்மா. மாத்திரையில் நிற்கிறது என்று படித்ததும் என் தங்கை மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கும் அப்படித்தான் போகிறதாம், யாரும் மாத்திரை கொடுத்ததில்லையாம். எந்த மருத்துவரிடம் கேட்கவேண்டும், ரத்தவியலா, பெண்கள் மருத்துவரா?

பெரம்பலூர் டாக்டரம்மா எழுதியது:

ஐயா, இருவரும் சேர்ந்து பார்த்தால் நல்லது. முதலில் ரத்தவியல். ஃபேக்டர் அளவும் ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை, 14 வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஃபேக்டர் அளவை இப்போதே பார்க்கவேண்டும், அது அவள் இன்றைக்குப் படுகிற அவஸ்தைக்கான சோதனை. ஏழு நாளுக்கு மேல் போவது, மணிக்கொரு தடவை மாற்றுவது, பெரிய கட்டியாகப் போவது எல்லாம் 'சில பேருக்கு அப்படித்தான்' என்று விடுகிற விஷயம் கிடையாது. வான் வில்லிபிராண்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வயதில் அதிக ரத்தப்போக்குக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். கேரியரா என்ற ஜீன் சோதனை பிற்காலத்தில் அவள் பெறப்போகும் பிள்ளைகளைப் பற்றியது. அவள் விவரம் புரிந்து, தானே சரி என்று சொல்லும்வரை காத்திருக்கலாம்.

இழைமணி எழுதியது:

அதற்கு முன்னால் சித்திக்கு எடுத்துவிடுங்கள். பாட்டி கேரியர் என்பதால் சித்திக்கும் பாதி வாய்ப்பு. அவருக்கு இல்லையென்றால் பாப்பாவுக்கு ஜீன் சோதனை என்ற பேச்சே வராது. உங்கள் குடும்பத்துக் கோளாறு இன்னது என்று இப்போது தெரியும், அந்த ஒரு பிசிஆர் போதும்.

போகும்போது அண்ணன் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கமும் நகல் எடுத்துப்போங்கள், கடைசிப் பக்கத்தை விடாதீர்கள். சித்திக்கு ஊதா மூடி டியூப், டிஎன்ஏ-வுக்கு. பாப்பாவுக்கு நீல மூடி டியூப், ஃபேக்டருக்கு. நீல டியூபில் ரத்தம் கோடு வரைக்கும் சரியாக நிரம்பவேண்டும், குறைந்தால் அளவு தப்பாக வரும். அது நான்கு மணி நேரத்துக்குள் லேபில் சுழற்றப்படவேண்டும், அதனால் ஊரில் எடுத்து அனுப்பாமல் லேப் உள்ள இடத்திலேயே காலையில் எடுங்கள். பாப்பா ஓடிவந்து உடனே கை நீட்டவேண்டாம், கால் மணி நேரம் உட்காரட்டும்.

காவிரிக்கரை எழுதியது:

சித்தி சரி என்றுவிட்டார். பாப்பாவின் பரீட்சை முடிந்ததும் போகிறோம். எந்தெந்த நாள் எத்தனை மாற்றினாள் என்று இந்த மாதத்திலிருந்து ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், மருத்துவரிடம் காட்ட. மணல்மேடு அக்கா, உங்கள் அம்மாவுக்கு எடுத்தீர்களா? வேலூர் என்றால் சேர்ந்தே போகலாம், தனிச்செய்தி அனுப்புங்கள்.